கரண்ட் கேட்ட மோட்டார்

தொழிற்சாலை மின்பணியாளர் பயிற்சி நிலையத்தின் பணிமனையில் மின்சாரத்தைத் தவிர எல்லாம் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ள டேப் அக்காவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தப்பு அவளுடையதல்ல. அதுவரை பணிமனை பூட்டியே கிடந்தது.

டேப் அக்கா என்ற பெயர் அவளுக்கு பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் வைத்தது. அட்டைப்பெட்டியின் வாயை மூடி, ஒரே இழுப்பில் டேப் ஒட்டி, பல் வைக்காமல் விரலாலேயே அறுத்துத் தள்ளிவிடுவாள். அந்த வேலையைச் செய்ய ஒருநாள் இயந்திரம் வந்து இறங்கியது. மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, "யாரும் மனசு விட்டுடாதீங்க. ஆள் வேணாம்னு சொல்ற மெஷினுக்கும் ரிப்பேர் பார்க்க ஆள் வேணும். எலக்ட்ரிக்கல் படிச்சவங்களுக்கு எந்தக் கம்பெனியிலயும் வேலை இருக்கு" என்றார். மற்றவர்கள் அதை வாசல்வரை கொண்டுவிடும் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். டேப் அக்கா அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள்.

அவள் கணவன் சரக்கு வேன் ஓட்டுபவன். விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வருஷம் என் ஒருத்தன் சம்பளத்துல எப்படியோ இழுத்துடலாம். அதுக்கு மேல வண்டி ஓடாது" என்றான்.

"ரெண்டு வருஷம் போதும். அப்புறம் நான் ஓட்டறேன்."

பெரிய மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். இரண்டு வருடம் கழித்து அவளைக் கல்லூரியில் சேர்க்கவேண்டும். இந்தக் கணக்கு இருவர் மனதிலும் ஓடியது.

பயிற்சி நிலையத்தில் முதல் நாள் பிரின்சிபால் வரவேற்றுப் பேசினார். அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி நிறையக் கேடயங்கள்.

"இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு மாணவருக்குக்கூட ஷாக் அடித்ததில்லை. ஒரு விரல் சுட்டதில்லை. ஏன், ஒரு ஃபியூஸ்கூடப் போனதில்லை. வேறு எந்தப் பயிற்சி நிலையமாவது இப்படி மார்தட்டிச் சொல்ல முடியுமா? அதனால்தான் பாதுகாப்பு விருது எங்களைத் தேடி வருகிறது. நீங்கள் இங்கே வரும்போது எப்படி இருந்தீர்களோ, இரண்டு வருடம் கழித்து அப்படியே உங்களை வெளியே அனுப்புவோம். இது என் உத்தரவாதம்."

எல்லோரும் கை தட்டினார்கள். டேப் அக்காவும் தட்டினாள். அந்த உத்தரவாதத்தை அவர் எவ்வளவு கறாராகக் காப்பாற்றப்போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பாடம் எடுத்தவரை மாணவர்கள் முன்னெச்சரிக்கை சார் என்று அழைத்தார்கள். முதல் வருடம் முழுவதும் அவர் நடத்தியது முன்னெச்சரிக்கை. வகுப்புக்குள் நுழையும்போதே தலையில் ஹெல்மெட், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை. அந்தக் கையுறையோடுதான் நோட்ஸ் எழுதவேண்டும். பேனா வழுக்கும், எழுத்து காக்காய்க் கிறுக்கலாக வரும். முதல் தேர்வில் எந்தத் தாள் யாருடையது என்றே கண்டுபிடிக்க முடியாததால், எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் கையுறையைக் கழற்ற அனுமதி கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தடித்த பேனா வாங்கிக்கொள்ளும்படி சொன்னார்கள்.

ஒருநாள் டேப் அக்கா எழுந்து நின்று கேட்டாள். "சார், கரண்டை எப்ப சார் பார்ப்போம்?"

முன்னெச்சரிக்கை சார் புத்தகத்தை மூடி வைத்தார். "கரண்டைக் கண்ணால பார்க்க முடியாதும்மா. அது கண்ணுக்குத் தெரியாத சக்தி. கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க எதுக்கு இவ்வளவு அவசரம்?"

வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது பதில் இல்லை என்று பட்டது.

வீட்டில் கூடத்து விளக்கின் ஸ்விட்ச் கெட்டுப்போனது. கணவன் கடைக்காரரிடம் ஆள் அனுப்பச் சொல்லப் போனவன், பாதி வழியில் திரும்பி வந்தான். "நம்ம வீட்லயே எலக்ட்ரீஷியன் இருக்கறப்ப வெளியாள் எதுக்கு?" என்றான்.

"ஸ்விட்ச் இன்னும் நடத்தலைங்க. அடுத்த வருஷம்தான் வருதாம்."

"இந்த வருஷம் என்ன நடத்தினாங்க?"

"ஸ்விட்ச்சுலேருந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்னு நடத்தினாங்க."

அவன் டார்ச் லைட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டான்.

இரண்டாம் வருடம் செய்முறைப் பயிற்சி தொடங்கியது. அன்று எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பணிமனைக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். ஸ்டோர்கீப்பர் வந்து ஒரு ஜன்னலைத் திறந்தார். கதவைத் திறக்கவில்லை. உள்ளே மோட்டார்கள், அவற்றைக் கிளப்பும் ஸ்டார்ட்டர்கள், ஆள் உயர பேனல்கள், எல்லாமே வந்த உறை பிரிக்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றி நின்றன. ஒவ்வொருவராக வந்து ஜன்னல் வழியே பார்த்துவிட்டு நகரவேண்டும். இதற்குக் காட்சிப் பயிற்சி என்று பெயர்.

டேப் அக்கா ஸ்டோர்கீப்பரைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணே, உள்ளே எப்ப விடுவாங்க?"

"திறப்பு விழா நடந்தாத்தானேம்மா விடுவாங்க."

"அது எப்ப?"

"பணிமனைக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வந்தப்புறம்."

"கனெக்‌ஷன் எப்ப வரும்?"

"திறப்பு விழா நடந்து கட்டடம் பயன்பாட்டுக்கு வந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்தாத்தான் குடுப்பாங்க." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிடம் யோசித்தார். "நானும் சேர்ந்ததுலேருந்து இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். யாரும் இப்படி அடுத்தடுத்துக் கேட்டதில்லை."

"ஆபீஸ்லதான் ஃபேன் ஓடுதே. அங்கேருந்து ஒரு வயர் இழுத்தா என்ன?"

"அது பாதுகாப்பு விதிக்கு விரோதம்மா. விருது போயிடும்."

ஆகவே செய்முறைப் பயிற்சி அட்டையில் நடந்தது. அட்டையில் பேனல் வரைந்து, பச்சை வட்டமும் சிவப்பு வட்டமும் ஒட்டி, கம்பிக்குப் பதில் கம்பளி நூல். மூன்று ஃபேஸுக்கு மூன்று நிறம். இரண்டு மூன்று மாதத்தில் அவர்கள் ஒரு முழுத் தொழிற்சாலைக்கான இணைப்பையும் நூலில் பின்னினார்கள். சுவரில் மாட்டியபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டர் ஒன்றே ஒன்று. அதை வரிசையில் கைமாற்றி ஒவ்வொருவரும் அட்டையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

"எரியலை சார்" என்றாள் டேப் அக்கா.

"எரியலேன்னா கரண்ட் இல்லை. கரண்ட் இல்லேன்னா ஆபத்து இல்லை. சரியான விடை" என்று முன்னெச்சரிக்கை சார் மதிப்பெண் போட்டுக்கொண்டு அடுத்தவரிடம் போனார்.

ஒருநாள் அலுவலகத்தில் ஃபேன் நின்றது. விளக்கும் போயிற்று. பிரின்சிபால் வியர்த்து வழிய வெளியே வந்தார். எதிரே எலக்ட்ரீஷியன் ஆகப்போகிறவர்கள் ஒரு வகுப்பே நின்றது. அவர்களைத் தாண்டிப் போய், தெருமுனைக் கடையில் சொல்லி ஓர் ஆளை வரவழைத்தார். டேப் அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் பேனலைத் திறக்கப்போகிறார். அவள் அலுவலக வாசலுக்கு ஓடினாள். மற்றவர்களும் பின்னால் ஓடிவந்தார்கள்.

"எல்லாரும் மைதானத்துக்குப் போங்க" என்றார் முன்னெச்சரிக்கை சார். "மின்வேலை நடக்கும் இடத்தில் மாணவர்கள் நிற்கக் கூடாது. விதி."

மைதானத்தில் வெயிலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஹெல்மெட்டுக்குள் தலை அவிந்தது. உள்ளே ஃபேன் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. வந்தவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து போகும்போது, "இவங்கள்லாம் யாரு, தீயணைப்பா?" என்று காவலாளியிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அவள் சமையலறையில் பாத்திரத்தை டங்கென்று வைத்த சத்தத்தில் பெரியவள் புத்தகத்தை விட்டு எழுந்து வந்தாள். "என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. படி."

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. சிறப்பு விருந்தினர் வருகிறார். பணிமனையைத் திறந்து வைக்கிறார். பச்சைப் பொத்தானை அழுத்தி மோட்டாரை ஓடவைக்கிறார். நிலையமே அல்லோலகல்லோலப்பட்டது. மோட்டார் இருந்தது. பொத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டியது இல்லை.

வழி கண்டுபிடித்தவர் பிரின்சிபால். ஒரு பெரிய பிளைவுட் பலகை நிறுத்தப்பட்டது. முன்பக்கம் பேனலும் மோட்டாரும். மோட்டாரின் பின்முனைக்கு மேல் இருந்த மூடியைக் கழற்றி, தண்டில் ஒரு சைக்கிள் பெடல் மாட்டி, அதைப் பலகையின் ஓட்டை வழியாகப் பின்பக்கம் எடுத்தார்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து சுற்றினால் முன்னால் மோட்டாரின் சக்கரம் சுழலும். யார் சுற்றுவது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் டேப் அக்காவின் கையைப் பார்த்தார்கள். வருடக்கணக்காக டேப் இழுத்த கை.

"மாட்டேன் சார்" என்றாள்.

பிரின்சிபால் அவளைத் தனியே அழைத்து அன்பாகப் பேசினார். "இந்தத் திறப்பு விழா நடந்தால்தான் கனெக்‌ஷன் வரும். கனெக்‌ஷன் வந்தால்தான் நீங்கள் மோட்டாரைத் தொட முடியும். நீங்களே உங்கள் எதிர்காலத்தைச் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தவிர, வருகைப்பதிவில் கொஞ்சம் குறைகிறதாமே? இதைச் செய்முறை வகுப்பாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்."

கனெக்‌ஷன் என்ற சொல்லுக்காகவே அவள் ஒத்துக்கொண்டாள்.

விழாவன்று பலகைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். ஹெல்மெட், பூட்ஸ், கையுறை எல்லாம் உண்டு. முன்னெச்சரிக்கை சார் இருமினால் சுற்றத் தொடங்கவேண்டும். இரண்டாம் முறை இருமினால் நிறுத்தவேண்டும். இருமல் கேட்டது. சுற்றினாள். முன்னால் கைதட்டல் எழுந்தது.

சிறப்பு விருந்தினர் உருகிப்போய்விட்டார். பொத்தானை அழுத்தியவர், நிறுத்துவதற்குப் பதில் மைக்கை வாங்கிவிட்டார்.

"நான் எத்தனையோ தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறேன். மோட்டார் என்றால் காது கிழியும். இந்த மோட்டாரைப் பாருங்கள். சத்தமே இல்லை. சூடும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருக்கிறது. மின்கட்டணம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டேன். ஆகவே இல்லை என்கிறார் பிரின்சிபால். இப்படிப்பட்ட நிலையத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன குறை? நான் படிக்கிற காலத்தில் எங்களுக்கு இதெல்லாம் கிடைத்ததா? நாங்கள் கரியும் எண்ணெயுமாக, அடி வாங்கி, ஷாக் வாங்கித்தான் கற்றுக்கொண்டோம். உங்களுக்கு அந்தத் துன்பம் எதுவும் இல்லை."

எந்தத் துன்பமும் இல்லாத டேப் அக்கா சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் தன் இளமைப்பருவத்துக்குப் போனார். அங்கிருந்து நாட்டின் எதிர்காலத்துக்கு வந்தார். முன்னெச்சரிக்கை சார் இருமவில்லை. விருந்தினர் பேசும்போது இருமுவது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கலாம். தோள்பட்டை தீயாய் எரிந்தது. கையுறைக்குள் வியர்வை தண்ணீராய் நின்றது. கடைசியில் கை தானாக நின்றுவிட்டது.

முன்னால் பேச்சும் நின்றது. "என்ன ஆச்சு? ஏன் நின்னுடுச்சு?" என்ற குரல் கேட்டது.

"கை வலிக்குது சார்" என்றாள் டேப் அக்கா, பலகைக்குப் பின்னாலிருந்து.

பிரின்சிபால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, இது புதிய தொழில்நுட்பம். கோளாறு ஏற்பட்டால் மோட்டாரே வாய்விட்டுச் சொல்லிவிடும்."

"மோட்டாரே பேசுதா?"

"நம் மொழியிலேயே பேசும் ஐயா."

சிறப்பு விருந்தினர் குனிந்து மோட்டாரின் அருகில் முகத்தைக் கொண்டுபோனார். குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். "உனக்கு என்ன வேணும், சொல்லு."

டேப் அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இப்போது எழுந்து வெளியே போய் நின்றால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பெரியவளின் கல்லூரி ஞாபகம் வந்தது. வருகைப்பதிவு ஞாபகம் வந்தது. எழவில்லை. ஆனால் வாயை மூடிக்கொள்ளவும் முடியவில்லை.

"கரண்ட் வேணும் சார். ரெண்டு வருஷமா கேக்கறேன். யாரும் குடுக்க மாட்டேங்கறாங்க."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் தேவையைத் தானே உணர்ந்து கேட்கும் மோட்டாரைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று சொல்லி, கையில் இருந்த சால்வையை அதற்குப் போர்த்தினார். புதுமைக்கான கேடயத்துக்குப் பரிந்துரைப்பதாக மேடையிலேயே அறிவித்தார்.

அன்று வீட்டில் கணவன் அவள் தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னைக்கு நீதான் கரண்ட்டா இருந்திருக்கே" என்றான். சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தேய்த்தான்.

கனெக்‌ஷன் வரவில்லை. விருது பெறப்போகும் மோட்டார் என்பதால் அதை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பணிமனையை மறுபடி பூட்டினார்கள். இந்தத் தடவை ஜன்னலையும்.

இறுதித் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்தார். ஹெல்மெட் வார் சரியாக இருக்கிறதா, கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரே கேள்வி.

"ஓடிக்கிட்டிருந்த மோட்டார் நின்னுபோச்சு. முதல்ல என்ன செய்வீங்க?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டு, ஏன் நின்னுச்சுன்னு பார்ப்பேன் சார்."

தேர்வாளர் தலையை ஆட்டினார். "தவறு. மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்னு சொல்லணும். இன்னொரு தடவை கேக்கறேன்."

"மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்."

"அப்புறம்?"

"தள்ளி நிற்பேன்."

சிறப்புத் தேர்ச்சி கொடுத்தார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டே தந்தார்கள்.

அதையும் பழைய ரப்பர் கையுறையையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு டேப் அக்கா ஊருக்கு வெளியே இருந்த சோப்புத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே மின்பிரிவின் ஃபோர்மேன் ஒரு பெண். அவளைவிட வயதில் சின்னவள். கை நகத்தில் கிரீஸ். சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டு, "வாங்கக்கா" என்று ஒரு பேனலின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதுல மிக்ஸர் மோட்டாரோட ஸ்டார்ட்டர் எது, காட்டுங்க."

பேனல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மெல்லிய, விடாத முணுமுணுப்பு. கரண்டுக்குச் சத்தம் உண்டு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கம்பளி நூலில் எல்லாம் வேறு மாதிரி இருந்தது. மனப்பாடம் செய்த விதிகளெல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. ஒன்றுகூட இந்த இடத்துக்கு உதவவில்லை.

"தெரியலைம்மா" என்றாள். "பொய் சொல்லி உள்ளே வர எனக்கு இஷ்டம் இல்லை. நான் இதுவரைக்கும் கரண்ட் ஓடற பேனலையே கிட்ட நின்னு பார்த்ததில்லை."

ஃபோர்மேன் கோபப்படவில்லை. சட்டம் போட்ட சான்றிதழை அலுங்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

"அங்கேருந்து வர்றவங்க எல்லாரும் தெரியும்னுதான் சொல்வாங்க. நீங்கதான் முதல்ல தெரியலைன்னு சொல்றீங்க. ஹெல்ப்பரா சேர்ந்துக்கோங்க. சம்பளம் கம்மிதான். கூடவே நின்னு கத்துக்கலாம்."

டேப் அக்கா சான்றிதழைப் பைக்குள் போட்டாள். "ஒண்ணு கேக்கட்டுமா? இது இல்லாம, ரெண்டு வருஷம் முன்னாடி நேரா இங்கே வந்து நின்னிருந்தா, சேர்த்திருப்பீங்களா?"

ஃபோர்மேன் கொஞ்சம் தயங்கினாள். "ஹெல்ப்பருக்கு சர்டிஃபிகேட் எதுவும் வேணாம்க்கா. சேர்த்திருப்பேன்."

"இந்நேரம் என்னவாயிருப்பேன்?"

"அதை விடுங்க. நாளைக்குக் காலையில வாங்க. பையில இருக்கற அந்தக் கையுறை வேணாம், விரல் உள்ளே திரும்பாது. நான் வேற தர்றேன்."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டார் ஒன்றுக்குப் புது ஸ்டார்ட்டர் மாட்டவேண்டி வந்தது. ஃபோர்மேன் மெயினை நிறுத்தி அதற்குப் பூட்டுப் போட்டாள். சாவியை டேப் அக்காவின் சட்டைப்பையில் போட்டாள். "சாவி உங்ககிட்ட இருக்கற வரைக்கும் யாராலயும் கரண்ட் விட முடியாது. இப்ப மாட்டுங்க" என்றாள்.

டேப் அக்கா கம்பியின் தோலைச் சீவினாள். முறுக்கினாள். திருகில் செருகி இறுக்கினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கழன்று வரவில்லை. ஒரு இடத்தில் கம்பியை மாற்றிச் செருகிவிட்டாள். ஃபோர்மேன் வாயால் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் காட்டினாள். திருத்தினாள். வெளியே டீ வண்டி வந்து நின்றபோது வேலை முடிந்திருந்தது.

பூட்டைத் திறந்தார்கள். டேப் அக்கா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஸ்டார்ட்டர் டப்பென்று பிடித்துக்கொண்டது. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று வந்து தொட்டியில் விழுந்தது. தரை வழியாக நடுக்கம் அவள் முழங்கால்வரை ஏறியது.

அவள் அசையாமல் நின்றாள்.

"என்னக்கா, முதல் மோட்டார். ஒரு சிரிப்பைக் காணோம்" என்றாள் ஃபோர்மேன்.

"கோவமா வருது."

"மோட்டார் மேலயா?"

"இவ்வளவுதானா இது? ஒரு காலைப் பொழுது வேலைதானா?" குரல் உடைந்தது. "அவங்க ஒரு பேனலைத் திறந்து, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் கையைப் பிடிச்சுக் காட்டியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? என் பொண்ணு இந்த வருஷம் காலேஜுக்குப் போகலை. தெரியுமா உங்களுக்கு?"

ஃபோர்மேனுக்குத் தெரியாது. அவள் போய் டீ வாங்கி வந்து ஒரு கிளாஸை டேப் அக்காவின் கையில் வைத்தாள்.

"குடிங்க. குடிச்சிட்டு அந்தப் பக்கத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டரை நீங்களே தனியா மாட்டுங்க. நான் இங்கேதான் நிப்பேன், கை வைக்க மாட்டேன்."

டேப் அக்கா டீயைக் குடிக்கவில்லை. கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்து மோட்டாரின் மெயினை நிறுத்திப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.